முப்பத்திரண்டு ஜோடிச் செருப்பு

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், போன எண்ணிக்கையிலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் தொழில்; மற்றதெல்லாம் அலங்காரம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக மலாக்காவிலிருந்து திருச்சிக்குக் கோயில் சுற்றுலா அழைத்துப் போகிறேன். நடுவில் நோய்த்தொற்றுக் காலத்தில் மட்டும் வீட்டில் இருந்தேன். அதற்கெல்லாம் முன்னால் செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். பெட்டிகளை எண்ணுவது வேலை. தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பெட்டிகள் இருந்த இடத்துக்கு மனிதர்கள் வந்தார்கள். பெட்டிகளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. புறப்படுகிற நேரத்தில் அவை கழிவறைக்குப் போவதில்லை.

சொந்தக்காரர்கள் பத்துப் பேரை ஒரே வேனில் ஏற்றி ஒரு கல்யாணத்துக்காவது கூட்டிப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் இனம். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். எல்லாம் போன மே மாதப் பயணத்தில் நடந்தவை.

ஐந்து நாளும் ஆறாம் நாளும்

விமான நிலையத்துக்கு எங்கள் பஸ் புறப்படும் இடம் புக்கிட் காத்திலில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, கோயிலின் மண்டப வாசல். காலை ஏழு மணிக்கே நான் கையில் தொங்கு தராசுடன் நின்றுவிடுவேன். போகும்போது பெட்டி பாதி காலியாக இருக்க வேண்டும், அப்போதுதான் திரும்பும்போது சேலைகளுக்கு இடம் இருக்கும் என்று வாட்சாப்பில் மூன்று முறை குரல் செய்தி அனுப்பியிருந்தேன். முப்பத்திரண்டு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் அனுப்பியிருந்தார்கள். அதற்கு அர்த்தம், யாரும் கேட்கவில்லை என்பது.

லெட்சுமி அக்கா செலண்டாரிலிருந்து மகனின் காரில் வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது. தோட்டத்தில் முதலில் ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை என்று நாற்பது வருடம் உழைத்த உடம்பு. அவருடைய பெட்டியைத் தராசில் மாட்டினேன். இருபத்து மூன்று கிலோ. திறந்து பார்த்தால் பிஸ்கட் டின், முறுக்கு, காப்பித்தூள், அடியில் ஒரு பெரிய டப்பா நிறைய நெத்திலிச் சம்பல். "அக்கா, நாம கோயிலுக்குப் போறோம். நெத்திலியா?" என்றேன்.

அக்கா டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப உள்ளே வைத்தார். "கடைசி நாளுக்கு லா, தம்பி. சாமிக்கு அஞ்சு நாள் குடுக்கிறேன், நாக்குக்கு ஒரு நாள் குடுக்க வேணாமா?"

சரசுவின் சீட்டு

அன்று காலை நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி சரசு வழக்கம்போல் ஒரு துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தாள். ஒவ்வொரு பயணத்துக்கும் அப்படித்தான். அம்மனுக்கு அர்ச்சனை செய்ய வேண்டியவர்களின் பெயர், நட்சத்திரம், ராசி. என் பெயர் முதலில் இருக்கும். பிறகு மகள், மருமகன், பேரன், அவளுடைய தம்பி குடும்பம். ஒரு முறை பக்கத்து வீட்டுப் பையன் தேர்வு எழுதுகிறான் என்று அவன் பெயரையும் சேர்த்திருந்தாள். இத்தனை ஆண்டுகளில் எந்தச் சீட்டிலும் அவள் பெயர் இருந்ததில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை.

விமானத்தில் பிரித்துப் பார்த்தேன். "சரஸ்வதி, ரேவதி நட்சத்திரம், மீன ராசி." அவ்வளவுதான். வேறு ஒரு பெயரும் இல்லை. சரசுவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. நான் திரும்பி வந்த மறுவாரம் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள். பயணத்தைத் தள்ளிவைக்கிறேன் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. வாசல் வரை வந்தவள், மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். "இந்தத் தடவை என் பேர மட்டும் எழுதிட்டேங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

முதல் வரிசை

திருச்சியில் எங்களுக்கு எப்போதும் ஒரே பஸ், ஒரே ஓட்டுநர், முருகேசன். பஸ்ஸின் முதல் வரிசையில் இடப்பக்கம் ஜன்னல் இருக்கைக்கு எல்லாப் பயணத்திலும் சண்டை வரும். இந்த முறை பொன்னம்பலம் ஐயா முதலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மலாக்கா டவுனில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். எழுபத்து மூன்று வயதிலும் இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். பின்னாலேயே ஏறிய லெட்சுமி அக்கா, தனக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், முன்னால்தான் உட்கார வேண்டும் என்றார். ஐயா, தான் ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

நான் இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினேன். நான் செய்யும் சமரசம் எல்லாமே இப்படித்தான் இருக்கும், வீட்டிலும் அப்படித்தான். கடைசியில் அக்காவே வலப்பக்க முதல் இருக்கையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து விரித்துக்கொண்டார். "வாத்தியாரு போர்டு படிக்கட்டும் தம்பி. எனக்கு வாந்தி வந்தா அவரு பக்கமாத்தான் திரும்புவேன், சொல்லிடுங்க."

செருப்பு வரிசை

பெரிய கோயில்களில் கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் ஒப்படைக்க இடம் உண்டு. எங்கள் ஆட்கள் ஒப்படைக்க மாட்டார்கள். கைப்பேசி, கடப்பிதழ் என்னும் பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி, பல் செட்டு வரை எல்லாம் என் கழுத்தில் தொங்கும் பையில்தான். செருப்புக்கு நான் ஒரு வழிமுறை வைத்திருக்கிறேன். தரையில் நீலக் கான்வாஸ் ஒன்றை விரித்து, பஸ்ஸில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அதே வரிசையில் செருப்புகளை அடுக்குவேன். வெளியே வந்தவர் செருப்பை மாட்டினால் அந்த இடம் காலியாகும். யார் இன்னும் உள்ளே என்று கான்வாஸைப் பார்த்தாலே தெரியும். தொழிற்சாலையில் கற்ற வித்தை.

இதில் ஒரு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. செருப்பைக் காப்பவன் உள்ளே போக முடியாது. முதல் பயணத்தில் நேரம் இல்லை. இரண்டாம் பயணத்திலும் இல்லை. பத்தாவது பயணத்தில் நேரம் இருந்தது. அப்போது உள்ளே போக வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் வாசலில் நின்றுவிட்டு இப்போது என்ன புதிதாக என்று யாரும் கேட்கப்போவதில்லைதான். நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். சரசுவுக்கு மட்டும் வாசல் கடையில் சாமி படம் போட்ட குங்குமப் பாக்கெட் ஒன்று வாங்கிப் போவேன். மேலே அட்டையை மடித்து ஸ்டேப்ளர் அடித்திருக்கும். "உள்ள கும்பிட்டீங்களா?" என்று கேட்பாள். "ம்" என்பேன். அது பக்திக் குறைவா, சோம்பலா, பயமா என்று இரவில் படுத்தபடி யோசித்திருக்கிறேன். விடை வருவதற்குள் அடுத்த பயணம் வந்துவிடும்.

ஒரு முறை இதை முருகேசனிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நான் மட்டும் என்ன சார்? பொறந்ததிலிருந்து இதே ஊரு. மலைக்கோட்டை உச்சிக்கு இன்னும் ஏறினதில்ல. பார்க்கிங்ல யாராச்சும் இருக்கணும்ல?"

ஆறு என்பது

முதல் நாள் மலைக்கோட்டை. நானூற்றுச் சொச்சம் படி. முழங்கால் வலி என்று மருத்துவச் சான்றிதழோடு வந்தவர்கள் முதலில் ஏறினார்கள். மேலேயிருந்து பார்த்தால் காவிரி தெரியும். அந்த மே மாதத்தில் காவிரி என்பது ஒரு பெரிய மணல்வெளி, அதன் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். சாயங்காலம் படித்துறையில் இறக்கிவிட்டேன். எங்கள் கூட்டம் தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது, நான்தான் குழாயை அடைத்துவிட்டது போல. முருகேசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆடி மாசம் வந்து பாருங்கம்மா, கரை தெரியாது" என்றார்.

லெட்சுமி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் நடந்து, கணுக்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். ஏதோ ஒரு ஊர்ப் பெண், யாரென்றே தெரியாதவள், தன்னிடமிருந்த மஞ்சள் கிழங்கை நீட்டினாள். அக்கா வாங்கிக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு கரையில் நின்ற எங்களைப் பார்த்துக் கத்தினார். "நம்ம மலாக்கா ஆத்துல வருஷம் பூரா தண்ணி, வெள்ளைக்காரன் போட்டுல போறான், வர்றான். ஒரு பொம்பள இறங்கி மஞ்ச தேய்ச்சுக் குளிக்க முடியுமா? இதுதான்டா ஆறு!"

பதினான்கு மஞ்சள் சேலை

வழக்கமாகக் கடைகளைக் கடைசி நாளில்தான் வைப்பேன். முதலிலேயே வைத்தால் மனம் முழுவதும் பெட்டியில் இருக்கும், சாமி மேல் இருக்காது. இந்த முறை திருவானைக்கா அம்மனை வெள்ளிக்கிழமையில் பார்க்க வேண்டும் என்று நானே நாளை மாற்றியிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே வியாழக்கிழமை முழுவதும் சேலைக் கடை. மூன்று மாடி. நான் மாடிப்படி நடுவில் நின்று மேலும் கீழும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

லெட்சுமி அக்காவுக்குத் தனக்கென்று ஒரு சேலையும் வேண்டாம். செலண்டார் மாரியம்மன் கோயில் திருவிழாவில் பால்குடம் எடுக்கும் பதினான்கு பெண்களுக்கும் ஒரே மஞ்சள், ஒரே சிவப்புக் கரை, ஒரே அகலம். கடைக்காரத் தம்பியிடம் பதினொன்று இருந்தது. மீதி மூன்றுக்குக் கொஞ்சம் வெளிறிய மஞ்சளைக் காட்டி, தூரத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது என்றான். அக்கா பதினொன்றையும் மேசையில் திரும்ப வைத்துவிட்டார். மூன்று கடை ஏறி இறங்கினோம். நான்காவது கடையில் பதினான்கும் கிடைத்தது. நடுவில் ஒரு இடத்தில், மூன்று பேர்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா என்று நானும் கேட்டுவிட்டேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க கோயில் கமிட்டியில இருந்ததே இல்லையா தம்பி? அந்த மூணு பேரும் அடுத்த வருஷம் வேற கோயில்ல பால்குடம் எடுப்பாளுங்க."

நாவல் மரம் எந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை காலை, திருவானைக்காவுக்குப் போகும் வழியில், பஸ்ஸின் மைக்கை எடுத்துத் தல வரலாறு சொன்னேன். சிலந்தியும் யானையும் சிவனுக்குப் போட்டி போட்டுச் சேவை செய்த கதை. பன்னிரண்டு வருடமாக ஒரே ராகத்தில் சொல்லி வருகிறேன். ஒன்பது துளை ஜன்னல் வழியாகச் சிவனைப் பார்க்க வேண்டும், உச்சிகால பூசைக்கு அர்ச்சகர் அம்மனைப் போலச் சேலை கட்டி வருவார், அதைத் தவறவிடாதீர்கள் என்றேன். நேரில் பார்த்தவனைப் போலவே சொல்வேன். என் குரல் எனக்கே சில நேரம் நம்பும்படியாக இருக்கும்.

பொன்னம்பலம் ஐயா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "தம்பி, தல விருட்சம் நாவல் மரம் எண்டு சொன்னீர். சந்நிதிக்கு அது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் மைக்கை அணைத்தேன். திரும்பப் போட்டேன். "பின் பக்கம்" என்றேன். "பின் பக்கம் எண்டால், வடக்கா, கிழக்கா?" நல்லவேளையாக ஒரு மாடு குறுக்கே வந்தது, முருகேசன் பிரேக் போட்டார். ஐயா பேனாவை மூடினார். மாணவனை அடிக்காத ஆசிரியர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அடிக்கத் தேவையில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். "பரவாயில்லை தம்பி. உம்மட கதையில ராசாவின்ட பேரும் பிழை, சொன்ன விதம் மட்டும் வலு திறம்."

கடைசியில் வாசிக்கிற பெயர்

கோயிலுக்குப் போவதற்கு முன் பஸ்ஸிலேயே அர்ச்சனைச் சீட்டு எழுதுவது எங்கள் வழக்கம். தமிழ் எழுதத் தெரியாதவர்கள், கண்ணாடி மறந்தவர்கள் எல்லாருக்கும் நான்தான் எழுதுவேன். ஓடும் பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கையாக நின்று ஊரில் உள்ளவர்களின் பெயரையெல்லாம் எழுதுவேன். யாருக்கு வேலை கிடைக்கவில்லை, யாருக்குக் குழந்தை இல்லை என்று எல்லாம் நட்சத்திரத்தோடு சேர்ந்து வரும். லெட்சுமி அக்கா பதினேழு பெயர் சொன்னார். பதினெட்டாவதாகச் சின்ன மருமகன் பெயரைச் சொன்னதும் நிறுத்தினார். "அவன் பேர அடிங்க. என் மகள அழ வச்சவன்." அடித்தேன். கொஞ்ச தூரம் போனது. "எழுதுங்க" என்றார். எழுதினேன். "இல்ல, அடிங்க."

சீட்டு பார்க்கவே பாவமாக இருந்தது. புதுச் சீட்டு எடுத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, எழுதுங்க. ஆனா கடைசியா எழுதுங்க, ஐயரு மூச்சு வாங்கி மெதுவா வாசிக்கிற எடத்துல."

மாட்டிக்கொண்டேன்

அன்று என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. முருகேசனைக் கான்வாஸ் அருகே நிறுத்திவிட்டு நான் உள்ளே போவது. பன்னிரண்டு ஆண்டு வெட்கத்தையெல்லாம் விமானத்திலேயே இறக்கி வைத்திருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பஸ் நிறுத்த இடமில்லை. முருகேசன் எங்களை இறக்கிவிட்டுத் தெருத் தெருவாகச் சுற்றப் போய்விட்டார். வேறு வழியில்லை. கான்வாஸை விரித்து, முப்பத்திரண்டு ஜோடியையும் அடுக்கி, கைப்பேசிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். முப்பத்திரண்டு கைப்பேசிகளில் எப்போதும் ஏதாவது ஒன்று பாடிக்கொண்டே இருக்கும். ஒரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். மணி பன்னிரண்டரை ஆனதும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம். முதல் வரிசை, இடப்பக்கம், பழுப்புத் தோல் செருப்பு. பொன்னம்பலம் ஐயா. ஒருவர் உள்ளே இருந்தாலும் நான் இடத்தை விட்டு நகரக் கூடாது. அது நானே போட்ட சட்டம்.

சட்டைப் பையிலிருந்து சரசுவின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். "அது யாரு சீட்டு?" என்று பின்னாலிருந்து லெட்சுமி அக்கா கேட்டார். "என்னோடதுதாங்க்கா. நேத்தே அர்ச்சனை முடிச்சிட்டேன்" என்றேன். "நேத்து நாம கோயிலுக்கே போகலியே. சேலைக் கடைக்குத்தான போனோம்?" என்றார் அக்கா.

பொய் சொல்வதில் எனக்கு அனுபவம் இருந்தது; இப்படி உடனே கேள்வி கேட்பவரிடம் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வால்வு, அடுத்த வாரம், பன்னிரண்டு வருடம், குங்குமப் பாக்கெட். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா என் கழுத்திலிருந்த பையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கான்வாஸ் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "உங்க செருப்பக் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். அதை எடுத்து, பஸ்ஸில் ஓட்டுநர் உட்காரும் இடம் எதுவோ அங்கே சரியாக வைத்தார். "தோட்டத்துல பழக்குலைக்குக் காவலு இருந்தவ நான். ஒரு குலை போனதில்ல. செருப்பா போயிடும்? ஓடுங்க தம்பி!"

வீட்டில் இரண்டு பேர்

ஓடினேன். வெயிலில் காய்ந்த கல் காலைச் சுட்டது. எந்தப் பிராகாரம், எந்தத் திருப்பம் என்று தெரியவில்லை. வழிகாட்டியாகிய நான் மூன்று பேரிடம் வழி கேட்டேன். அம்மன் சந்நிதியில் வரிசை குறைந்திருந்தது. அர்ச்சகர் சீட்டை வாங்கி வாசித்தார். "சரஸ்வதி, ரேவதி நட்சத்திரம், மீன ராசி. குடும்பத்துல மத்தவங்க?" "அவ மட்டும் போதும் சாமி" என்றேன். மணி அடித்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கை கூப்பியபடியே திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் ஆட்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்தும் எண்ணினேன். பதினொன்று வரை போனபோது, தூண் ஓரமாக, இஸ்திரி கலையாத சட்டையில், பன்னிரண்டாவது தலை. பொன்னம்பலம் ஐயா. அப்பாடா, ஆள் கிடைத்தார் என்று நெஞ்சில் ஒரு நிம்மதி.

திரும்புவதற்குள் தீபம் இறங்கத் தொடங்கிவிட்டது. அம்மனின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். காதில் இருந்த தாடங்கம் ஒரு கணம் பளிச்சென்றது, அது நிச்சயம். என்ன கேட்பது என்று பன்னிரண்டு ஆண்டுகளில் தயார் செய்திருக்கலாம். செய்யவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம்தான் வந்தது. தாயே, போன எண்ணிக்கையிலேயே திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். இரண்டாகவே இருக்க வேண்டும்.

அர்ச்சகர் வாழையிலைத் துண்டில் குங்குமத்தையும் பூவையும் வைத்துக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே ஐயா. என்னைப் பார்த்து உண்மையிலேயே பதறிப்போயிருந்தார். "தம்பி, நீர் உள்ளுக்கு நிண்டால் வெளியில எங்களை ஆர் எண்ணுறது?"

ஸ்டேப்ளர்

முப்பத்திரண்டு பேரையும் புக்கிட் காத்திலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்காவின் சம்பல் டப்பா கடைசி நாள் காலையிலேயே பஸ்ஸில் காலியானதையும், அதில் பாதிக்கு மேல் ஐயா சாப்பிட்டதையும் சரசுவிடம் சொன்னேன். சிரித்தாள், சிரித்தால் மூச்சு வாங்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு வாடிப்போன இலைப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தொண்டையைச் செருமினேன்.

அவள் இலையைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள். "இந்தத் தடவ உள்ள போயிருக்கீங்க போல" என்றாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். உள்ளே நான் கொண்டுவந்த பாக்கெட்டுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. பிரிக்கவே இல்லை. பொய் என்று தெரிந்தும் ஏன் ஒரு நாளும் அழுத்திக் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் நான் வேலையையே விட்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியுமாம். இருக்கலாம். எனக்கு அது தெரியாது. டின் மூடியைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "பன்னண்டு வருஷமா எல்லாத்துலயும் பின் அடிச்சிருந்துச்சுங்க. சாமிகிட்ட ஸ்டேப்ளர் இருக்குமா?"

ஒரு ஜோடி

அறுவை சிகிச்சை நாளன்று, அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது, ஒரு நர்ஸ் அவளுடைய செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வாசலில் உட்கார்ந்தேன். பழக்கப்பட்ட வேலைதான். ஆனால் முப்பத்திரண்டு ஜோடிக்கு நின்றபோது வராத கால் வலி அந்த ஒரு ஜோடிக்கு வந்தது. பையைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒருவர், சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். முடியாது என்று தலையாட்டினேன். இதில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை.

மறுநாள் கண் விழித்தபோது என்னைத் தேடினாள். கையில் பையோடு கட்டில் ஓரத்தில் நின்றேன். உதடு வறண்டிருந்தது; குரல் காற்றாகத்தான் வந்தது. குனிந்து கேட்டேன். "என் செருப்பு பத்திரமா?"

மருத்துவர் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார், அடுத்த பயணத்துக்குச் சரசுவும் வருகிறாள். ஆக, பன்னிரண்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்திருக்கும் பதவி உயர்வு, முப்பத்திரண்டு ஜோடிச் செருப்புக்குப் பதிலாக முப்பத்து மூன்று ஜோடி.